கயிறு கன்னியப்பன்

கன்னியப்பன் போயிட்டான். நேத்து மத்தியானம் வீட்டுல சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கல.

முந்தாநாள் சாயந்திரம்தான் அணையில என்கூட கடைசி ட்ரிப் முடிச்சிட்டு, "நாளைக்கு லீவு மச்சான், கறி எடுக்கப் போறேன்"னு சொல்லிட்டு பஸ் ஏறினான். கறி சாப்பிட்டுட்டுத்தான் போயிருக்கான்... அதுல எனக்கு ஒரு நிம்மதி.

இங்க பலருக்கு அவனைத் தெரியாது. நானும் அவனும் அணை போட்டிங்குல ஸ்பீட் போட் டிரைவரா ஒரே நாள்ல சேர்ந்தவங்க. சொந்தம் ஒண்ணும் கிடையாது, ஆனா முதல் வாரத்துலேயே மச்சான் ஆயிட்டோம்.

கரையில எல்லாருக்கும் அவன் 'கயிறு கன்னியப்பன்'. அந்தப் பேர் வந்த கதையைச் சொன்னாத்தான் அவனைப் புரியும்.

ஸ்பீட் போட்ல என்ஜின் சுவிட்ச்ல ஒரு சிவப்புச் சுருள் கயிறு இருக்கும். ஒரு முனையில இருக்கிற கிளிப் சுவிட்ச்ல, இன்னொரு முனை டிரைவர் கையில. டிரைவர் தண்ணியில விழுந்தா கிளிப் பிடுங்கிக்கும், என்ஜின் நின்னுடும். அவ்ளோதான் விஷயம்.

நாங்க என்ன பண்ணினோம்னா... ஒரு ஆயுத பூஜைக்கு அந்தக் கயித்துக்கு மஞ்சள் குங்குமம் வச்சு, போட்டுக்கே காப்பு கட்டுற மாதிரி ஸ்டீயரிங்ல சுத்திக் கட்டிட்டோம். சாமிக்குக் கட்டினதை அவுக்கக் கூடாதுன்னு அப்புறம் யாரும் அவுக்கல. ஐடியா கன்னியப்பனோடது.

கொஞ்ச நாள்ல, புதுசா கல்யாணமான ஒரு ஜோடியை ஏத்திக்கிட்டுப் போனான். அந்தப் பொண்ணு செல்ஃபி எடுக்க, இவனும் போஸ் குடுக்க எழுந்து நின்னான்... போட் ஒரு திரும்பு திரும்பிச்சு. ஆள் தண்ணியில.

டிரைவர் இல்லாத போட் நேரா போகாது. அவனைச் சுத்தியே வட்டமடிக்க ஆரம்பிச்சுது, ஒவ்வொரு சுத்துக்கும் கிட்ட வந்துக்கிட்டே. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால அவனால முங்கவும் முடியல.

நான் என் போட்டைத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன், ஆனா நெருங்க முடியல. நெருங்கினா ரெண்டு போட்டும் மோதி அவன் நடுவுல மாட்டுவான்.

"மாப்ள, அந்தச் செவப்புக் கயித்தை இழுங்க"ன்னு கத்தினேன். அந்தப் பையன் கயித்தைப் பார்த்தான், அதுல இருந்த குங்குமத்தைப் பார்த்தான்... "சாமி கயிறுங்க"ன்னு திருப்பிக் கத்தினான்.

அந்தப் பொண்ணுதான் புருஷனைத் தள்ளிட்டு முன்னாடி வந்து வெடுக்குனு இழுத்துச்சு. என்ஜின் நின்னுடுச்சு. போட்டோட மூக்கு மெதுவா வந்து அவன் தோள்ல இடிச்சுது.

என் போட்ல தூக்கிப் போட்டதும் அவன் முதல்ல கேட்டது, "அந்தப் பொண்ணு இன்னா ஊருன்னு கேளு மச்சான்."

போளூர் பக்கம். அதுலேர்ந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் அண்ணன் சீர்னு கரும்பு, வெல்லம், புடவையோட அவங்க வீட்டு வாசல்ல போய் நிப்பான். கூடப் பொறந்தவங்க யாரும் இல்லாதவன் அவன்.

இன்னொரு விஷயம். அவன் வீடு அடி அண்ணாமலையில, கிரிவலப் பாதையிலேயே. ஆனா ஒரு பௌர்ணமிக்குக்கூட மலையைச் சுத்தினது கிடையாது, "கூட்டம் ஜாஸ்திப்பா"ம்பான்.

நாங்க விடுவோமா... "நீ சுத்தலன்னா இன்னா, போட்டே உன்ன கிரிவலம் சுத்திச்சே"ன்னு ஓட்டுவோம். "தங்கச்சி இல்லன்னா அன்னிக்கே என் காரியத்துல வடை பாயசம் சாப்ட்டிருப்பீங்க"ன்னு அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க தொல்லை. ஒவ்வொரு ட்ரிப்லயும் நடு அணையில சொல்லாம கொள்ளாம கயித்தைப் பிடுங்குவான். போட் நின்னுடும், குழந்தைங்க அழும், பெரியவங்க திட்டுவாங்க.

"நான் வுழுந்தா இப்டித்தான் நிக்கணும். நிக்குதான்னு பாத்துக்கினு போலாம், இருங்க"ம்பான். ஒரு அவசரமும் கிடையாது அவனுக்கு.

எங்களையும் விட்டதில்ல. கையில கயிறு இல்லாம யாராவது கிளம்பினா, கரையில நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டு மானத்தை வாங்குவான். ஆயுத பூஜைன்னா குங்குமம் என்ஜினுக்கு மட்டும்.

வீட்டுக்குப் போகும்போது கழட்ட மறந்துடுவான். சிவப்புக் கயிறு தொங்கத் தொங்க பஸ்ல உட்கார்ந்து போவான். அந்த கிளிப் இல்லாம அவன் போட் ஸ்டார்ட் ஆகாது, காலையில அவன் பஸ் வர்ற வரைக்கும் எல்லாரும் ரோட்டையே பார்த்துக்கிட்டு நிப்போம்.

இன்னிக்குக் காலையில எடுத்தாச்சு. போளூர் தங்கச்சி புருஷனோடயும் ரெண்டு பசங்களோடயும் வந்திருந்தது. கன்னியப்பன் பொண்டாட்டி அதைக் கட்டிக்கிட்டு, "நீ இழுத்ததாலதாம்மா இத்தினி வருஷம் எங்கூட இருந்தாரு"ன்னாங்க. என்னால அங்க நிக்க முடியல.

சாவு வீட்டுல சொல்லிட்டுக் கிளம்பக் கூடாது இல்லையா... குளிச்சிட்டு வந்து சும்மா செருப்பைத் தேடினேன். கன்னியப்பன் பொண்டாட்டியே கூப்பிட்டாங்க. ஆணியில தொங்கின சிவப்புக் கயித்தை எடுத்துக் கையில குடுத்தாங்க.

"இது இல்லாம போட்டு கெளம்பாதாமே. அங்க ஜனங்க காத்துனு இருப்பாங்க. எடுத்துனு போங்கண்ணா."

சட்டைப் பையில வைக்க மனசு வரல. கையில மாட்டிக்கிட்டேன். பஸ்ல பக்கத்துல இருந்தவர் இது என்னன்னு கேட்டார், அணை வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தேன்.

நாளைக்கு உன் போட்டை நான்தான் எடுக்கிறேன் மச்சான். நடு அணையில ஒரு தடவை நிறுத்துறேன், திட்டினா திட்டட்டும்.

போய்ட்டு வாய்யா.