கடைசி வரிசை முடிச்சம்மா

விமானக் கம்பெனியில் காலமெல்லாம் வேலை பார்த்தவளுக்கு விமானம் என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும் என்றால் யாராவது நம்புவார்களா? நம்பித்தான் ஆக வேண்டும். ஆபீஸில் அவளுக்கு முடிச்சம்மா என்று பெயர். இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே அவள் உட்கார்ந்து பேசினால் ஒப்பந்தம் முடிச்சுப் போட்ட மாதிரி, அவிழவே அவிழாது.

அவள் பேசி முடிப்பது கோட்ஷேர் ஒப்பந்தங்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பறப்பது அடுத்த கம்பெனியின் விமானம், டிக்கெட்டில் இருப்பது நம் கம்பெனியின் பெயரும் எண்ணும். அடுத்த வீட்டு அடுப்பில் வெந்த சோற்றை நம் வீட்டுத் தட்டில் பரிமாறுகிற வேலை. சாப்பிடுகிறவருக்குப் பாதி நேரம் அது தெரியவே தெரியாது.

அந்தத் தெரியாதவர்களை நினைத்துத்தான் முடிச்சம்மாவுக்குப் பயம். "பேரு நம்மது, உயிரு அவங்க கையில" என்பாள். அதனால் கையெழுத்துப் போடுமுன் அந்தக் கம்பெனியின் விமானத்தில் கடைசி வரிசையில், சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போய்த் திரும்புவாள். யாரும் சொல்லிக்கொடுத்த வழக்கமில்லை. கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தபடி, உயிரைக் கையில் வைத்துக்கொண்டு போவாள். வீட்டுக்காரர் சிரிப்பார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பேசாம ஆபீஸ்லயே உக்காந்து கையெழுத்து போடேன்டி!"

இந்தத் தடவை வந்தது ஒரு சின்னக் கம்பெனி. விமானம் கொஞ்சம், ஆசை நிறைய. மேலாளர் கறாராகச் சொல்லி அனுப்பினார். "இத முடிக்காம வராதீங்க. முடியலன்னா உங்க நாற்காலிக்கு வேற ஆள் பாக்கணும்." முடிச்சம்மாவுக்கு உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது. மகள் நர்ஸாக வேலை பார்ப்பது அந்தக் கம்பெனி இருக்கும் ஊரில்தான். ஒப்பந்தம் முடிந்தால் அம்மா கம்பெனி டிக்கெட்டிலேயே மகள் மாதாமாதம் வீட்டுக்கு வரலாம்.

அந்தக் கம்பெனி விமானத்தில் போகும்போதே வந்தது வினை. இறங்க வேண்டிய விமானம் தரைக்குப் பக்கத்தில் வந்து, ஓடுபாதையைத் தொடாமல், உறுமிக்கொண்டு மறுபடி மேலே ஏறிவிட்டது. ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டாம் தடவை பூப்போல இறங்கியது. முடிச்சம்மா கைப்பையின் வாரை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். ஆனால் புத்திக்குத் தெரியும், காற்று சரியில்லை என்றால் மேலே தூக்குவதுதான் நல்ல பைலட்டுக்கு அழகு.

தெரிந்தும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? பேரம் பேசுகிற புத்தி விடுமா? மறுநாள் பேச்சுவார்த்தையில் சீட்டுக்கு அவர்கள் கேட்ட விலையைக் குறைக்க அதையே எடுத்துப் போட்டாள். "உங்க விமானத்துல வந்து எனக்கு உயிர் போயி உயிர் வந்துச்சு சார். இதுக்கு இவ்வளவு விலையா?" எதிரே உட்கார்ந்திருந்த கம்பெனித் தலைவர் அந்தக் காலத்துப் பைலட், எல்லோருக்கும் கேப்டன். அவர் முகம் சிவந்தது. விலை குறைந்தது. முடிச்சம்மா மனசுக்குள் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள்.

கையெழுத்துக்கு உட்கார்ந்த அன்று கேப்டன் காப்பியை அவள் பக்கம் நகர்த்தி, பெருமையாகச் சிரித்தார்.

"மேடம், உங்களப் பயமுறுத்துனானே, அந்தப் பைலட்ட வேலைய விட்டு நிறுத்திட்டேன்."

"என்ன சார் சொல்றீங்க? எதுக்கு?"

"எரிபொருள் தண்டம், பயணிக்குப் பயம். மத்த பைலட்டுங்ககிட்டயும் சொல்லிட்டேன். இனிமே ஒருத்தனும் இறங்காம மேல தூக்கமாட்டான். நிம்மதியா கையெழுத்து போடுங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே அவள் வாயால் கெட்டது அந்தப் பைலட்! பேனாவைக் கீழே வைத்தாள். "ஐயோ, அவர் செஞ்சது சரி சார். நான் பேரத்துக்குச் சொன்னேன். அவரத் திரும்பக் கூப்பிடுங்க" என்று கெஞ்சினாள். கேப்டன் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்களுக்கு ரொம்ப இளகின மனசு மேடம்!"

ஊரில் போய்க் கையெழுத்துப் போட்டு அனுப்புவதாகச் சொல்லி, தாள்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் மகள் பெட்டியோடு நின்றாள். வீட்டுக்கு வர அவளுக்கும் அம்மா திரும்புகிற அதே கம்பெனி விமானத்தில்தான் டிக்கெட். வானம் கறுத்துக் கிடந்தது.

"கண்ணு, ரயில்ல போயிடலாமா?"

"போம்மா! லீவே நாலு நாளு. ரயில்லயே பாதி போயிடும். நீ வேற, பயந்தாங்கொள்ளி!"

தான் செய்த காரியத்தை மகளிடம் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அந்த வெட்கத்தோடுதான் ஏறினாள். இதுவரை ஏறிய விமானங்களில் எல்லாம் "சீக்கிரம் இறங்கிடு" என்றுதான் வேண்டிக்கொள்வாள். இன்றைக்கு ஜன்னலில் மழை அடிக்க, காற்று விமானத்தை முறத்தில் போட்டுப் புடைக்க, இறக்கை ஒரு பக்கம் சாய்ந்தபடி ஓடுபாதையை நோக்கி இறங்கும்போது அவள் வேண்டுதல் தலைகீழாயிற்று.

"இறங்காதப்பா. மேல தூக்கு. தூக்குப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"என்னம்மா முணுமுணுக்கற?"

மகளின் கையைப் பிடித்தாள். விமானம் தூக்கவில்லை. ஒற்றைச் சக்கரத்தில் தடாலென்று விழுந்து, எகிறி, மறுபடி விழுந்து, கோணலாக ஓடியது. பிரேக் அலறியது. நின்றபோது ஜன்னலுக்கு வெளியே ஓடுபாதை முடிந்து புல்தரை தெரிந்தது. பிறகு எல்லோரும் கை தட்டினார்கள். மகளும் தட்டினாள்.

கடைசி வரிசை, கடைசியாகத்தான் இறங்கியது. கதவருகே பைலட் நின்றிருந்தான். சின்ன வயசு. சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. மகளை முன்னே போகவிட்டு முடிச்சம்மா மெதுவாகக் கேட்டாள்.

"மேல தூக்கணும்னு தோணலையா தம்பி?"

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். "தோணுச்சும்மா" என்றான். "எனக்கும் குடும்பம் இருக்கே."

அவனை அந்த நிலையில் நிறுத்தியது தன் வாய்தான் என்று நினைத்துக்கொண்டே படியில் இறங்கினாள். கீழே இறங்கி நிற்பதற்குள் போன் அடித்தது. மேலாளர்.

"என்ன மேடம், கையெழுத்து ஆச்சா?"

"போடல சார். போடமாட்டேன். நாற்காலிக்கு வேற ஆள் பாத்துக்கோங்க."

"ஏன், என்ன ஆச்சு? விமானம் நல்லபடியா இறங்கிடுச்சுல்ல?"

முடிச்சம்மா திரும்பிப் பார்த்தாள். விமானம் புல்தரை ஓரத்தில் மழையில் நனைந்துகொண்டு நின்றது.

"ஆமா சார், இறங்கிடுச்சு" என்றாள். "அதான் பயமே."