முசுற்றின் தலை

தாலிச் சங்கிலியில் இப்போதெல்லாம் நான் ஊக்கு மாட்டுவதில்லை.

சித்திரையில், கீரமங்கலத்துத் தம்பி வீட்டு மாமரத்தடியில் நின்றபோது, என் மகளின் இடது காதுக்குள் ஒரு முசுறு விழுந்துவிட்டது. இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு, கடித்தால் விடாது. கல்லூரியில் விலங்கியல் படிக்கிற பெண், சின்னப் பிள்ளைபோல் அலறினாள். சங்கிலியில் தொங்கிய ஊக்கை விரித்து, அவள் தலையை மடியில் அழுத்திக்கொண்டு தோண்டினேன். உடல் வந்தது. "வந்துருச்சு, வந்துருச்சு" என்று எல்லோருக்கும் காட்டினேன். அவள் அலறல் நிற்கவில்லை. மறுபடியும் ஊக்கை உள்ளே விட்டேன்.

புதுக்கோட்டை டாக்டர் திரையில் காட்டினார். செவிப்பறையில் கிழிசல். அதற்குச் சற்று முன்னால், உடல் இல்லாத தலை, தோலைக் கவ்வியபடி.

"எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டுக் கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா. யாரு குத்துனது?"

"எங்கம்மாதான் சார். ஆபரேசன் பண்ணுச்சு" என்றாள் மகள், அழுகைக்கு நடுவே.

தானாக மூடலாம், மூன்று மாதம் பார்ப்போம் என்றார். அவர் வெளியே எடுத்த அந்தத் தலையை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அது இப்போது அவள் மேசையில், சின்னக் குப்பியில் இருக்கிறது. மூடிய தாடை மூடியபடியே. கல்லூரி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "தலைக்குள்ள பாதிக்கு மேல தாடையை இறுக்குற தசைதாம்மா. மூளைக்கு மிச்ச இடம்தான்."

"என்னையச் சொல்றியா?"

"எறும்பைச் சொன்னேன்." சிரித்தாள். பிறகு பாடப்புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டினாள். பூச்சிகளின் மூதாதைக்கு உடல் முழுக்கக் கால்களாம். முன்பக்கத்து உடல் வளையங்கள் ஒன்றுசேர்ந்து தலையானபோது, அங்கிருந்த கால்கள் வாயுறுப்புகளாகிவிட்டன. கொசுவுக்கு அவையே ஊசி, வண்ணத்துப்பூச்சிக்கு உறிஞ்சுகுழல், முசுற்றுக்கு இடுக்கி.

நடப்பதற்கு இருந்தவை கவ்வுவதற்கு ஆகிவிட்டன. அன்றிலிருந்து சோறு பிசையும்போதுகூட என் விரல்களைப் பார்க்கிறேன். எதையோ விரித்துப் பிடித்திருப்பதுபோலவே இருக்கின்றன.

மூன்று மாதம் முடிய இன்னும் ஒரு வாரம். நேற்று அவள் முசுற்றின் தலையை வரைந்து, தாடைக்குப் பென்சிலால் நிழல் தீட்டிக்கொண்டிருந்தாள். இடது பக்கமாகப் போய் நின்று, "ரெண்டாவது தடவை ஊக்கை விட்டிருக்கக் கூடாதுடி" என்றேன், மெல்ல. பென்சில் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

தலையைத் திருப்பினாள். "என்னமோ சொன்னியேம்மா? இங்கிட்டு வந்து சொல்லு."

வலது பக்கம் போனேன். "சோறு ஆறுது" என்றேன்.