இரும்புக்கால்

இறைச்சிச் சந்தையில் அவன் பெயரைக் கேட்டால் பத்துப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். இரும்புக்கால் என்று கேட்டால் குழந்தைகூடக் கை காட்டும். அந்தப் பட்டம் ஒரு சண்டையில் வந்தது. எடை குறைகிறது என்று வம்புக்கு நின்ற ஒருவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, அவன் முகத்தை வெட்டுக்கட்டையில் மோதினான். மூக்கு உடைந்தது. அந்த இழுபறியில் கட்டைமேல் இருந்த கத்தி நழுவி, ரப்பர் பூட்ஸைக் கிழித்துக்கொண்டு இவன் பாதத்தில் செருகி நின்றது. எல்லோரும் ஏன் கீழே பார்க்கிறார்கள் என்று அவனும் குனிந்து பார்த்தான். பிறகு கத்தியைப் பிடுங்கித் துடைத்துவிட்டு, விட்ட எலும்பை வெட்டத் தொடங்கினான். மத்தியானம் பூட்ஸைக் கவிழ்த்தபோது ரத்தம் குபுகுபுவென்று கொட்டியது.

அன்றைக்கே யாராவது அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருக்க வேண்டும். புத்திசாலிகள், கைதட்டினார்கள். அதோடு விட்டார்களா? எரிகிற சிகரெட்டை வெறும் காலால் நசுக்கினால் ஒரு பாட்டில் இனிப்புச் சோடா என்று பந்தயம் கட்டினார்கள். அவனும் நசுக்கினான். தோல் கருகும் வாடை எல்லோருக்கும் அடித்தது. பல்லால் மூடியைக் கடித்துத் திறந்து, ஒரே மூச்சில் குடித்தான். ஒரு நாளைக்கு ஏழெட்டு பாட்டில். என்ன குடித்தும் தாகம் மட்டும் அடங்கவில்லை.

அவன் மனைவி தையல் ஆலையில் வேலை பார்த்தவள். சந்தைச் சங்க அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை இலவச ரத்தப் பரிசோதனை முகாம் நடக்கும். தாகத்தையும் ஆறாத புண்ணையும் பார்த்து, அவளே அவன் பெயரைப் பதிந்து சீட்டு வாங்கி வந்தாள். முதல் வருடம் சீட்டைக் கிழித்தான். அடுத்த வருடம் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தான். மூன்றாம் வருடம், “என்னைக் குத்தி ரத்தம் எடுக்க நான் என்ன ஆடா?” என்று கேட்டு அவள் இடது கன்னத்தோடு காதும் சேர அறைந்தான். வலி தெரியாதவனுக்கு அடுத்தவர் வலி எப்படித் தெரியும் என்று அவனுக்காகப் பரிந்து பேசுபவர்கள் உண்டு. அந்தக் கட்சியில் நான் இல்லை.

அதன்பிறகு ஒருமுறை, பூட்ஸைத் துளைத்துப் பாதத்தில் ஏறிய ஆணியோடு நான்கு நாள் நடந்திருக்கிறான். துவைக்க எடுத்த காலுறையின் நாற்றம்தான் அவளுக்குக் காட்டிக்கொடுத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவனைக் கண்ணை மூடச் சொன்னார். பாதத்தில் நைலான் இழையால் தொடும்போதெல்லாம் குரல் கொடுக்க வேண்டும் என்றார். அவன் வெகுநேரம் காத்திருந்தான்.

“ஆரம்பிக்கலாமே டாக்டர்.”

“முடிச்சுட்டேன்” என்றார் அவர். “இது தைரியம் இல்லீங்க. சர்க்கரை உங்க நரம்பைத் தின்னுடுச்சு. பல வருஷமா இருந்திருக்கு. அப்பவே ஒரு சொட்டு ரத்தம் பாத்திருந்தா இந்தக் காலைக் காப்பாத்தியிருக்கலாம்.”

முழங்காலுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டார்கள். ஆயிரக்கணக்கான கால்களைத் துண்டாக்கியவன், ரம்பம் எங்கே இறங்கும் என்று பார்த்தவுடனே தெரிந்துகொண்டான். இருந்தவரை வலிக்காத கால், வெட்டி எடுத்த பிறகு வலித்தது. இல்லாத விரல்கள் எரிய, கட்டில் கம்பியில் தலையை முட்டிக்கொண்டு கதறினான்.

பொய்க்காலோடு கடைக்குத் திரும்பினான். இப்போது வெட்டுவது அவன் தம்பி. தம்பிக்கும் அதே சோடா, அதே அடங்காத தாகம். மனைவி இந்த முறை தம்பி பெயரைப் பதிந்தாள். முகாம் நடந்த காலையில் சீட்டைக் கிழித்துக் காற்றில் விட்டான் தம்பி. அந்த நேரம் பார்த்து இரும்புக் கொக்கியொன்று அவன் காலில் விழுந்தது. “எனக்கும் எங்கண்ணன் காலு” என்று சிரித்தான். பக்கத்துக் கடைக்காரர்கள் கைதட்டினார்கள்.

அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அண்ணனுக்கு வெறி பிடித்தது. தம்பியைக் கீழே தள்ளி, தொடைமேல் ஏறி உட்கார்ந்து, பூட்ஸை உருவி எறிந்தான். சாக்கு தைக்கும் கோணி ஊசியை எடுத்து உள்ளங்காலில் குத்தினான். ரத்தம் துளிர்த்தது. தம்பி சத்தம் போடவில்லை. ரோஷமா, நிஜமாகவே தெரியவில்லையா? அண்ணனுக்கு உயிரே போய்விட்டது.

“கத்துடா” என்று இன்னும் ஆழமாக இறக்கினான். தம்பியின் தாடை நடுங்கியது. விலக்க வந்தவனை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு மூன்றாம் முறை குத்தினான். “வலிக்குதா இல்லையா, சொல்லித் தொலைடா.”

“வலிக்குதுண்ணே, விடுண்ணே” என்று தம்பி அலறினான்.

ஊசியை எறிந்துவிட்டு, ரத்தம் வழியும் அந்தப் பாதத்தில் முகம் வைத்து அவன் ஓவென்று அழுதான். பிறகு தம்பியின் கழுத்துப்பட்டையைப் பிடித்துச் சங்க அலுவலகத்துக்கு இழுத்துப் போனான். வழி முழுக்கத் தம்பி நொண்டிக்கொண்டே திட்டினான். ரத்தம் எடுத்துப் பார்த்ததில், தம்பிக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தது. சோடாவை விட்டு, நடையும் மாத்திரையுமாக இருந்தால் பிடித்து நிறுத்திவிடலாம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார்.

வாசலில் அவன் மனைவி நின்றிருந்தாள். அவன் அவளுடைய இடதுபுறம் போய் நின்று, “தம்பிக்கு வலிக்குதாம்” என்றான். சொல்லும்போதே குரல் உடைந்தது.

அவள் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டினாள். “என்ன சொன்னீங்க? அந்தக் காது கேக்காதுல்ல.”

அவன் பொய்க்காலை இழுத்துக்கொண்டு அவளுடைய வலதுபுறம் வந்து நின்றான்.