கூப்பிடாத மாநிலம்

ஆனித் தேருக்கு முந்தின நாள் எங்கள் தெருவில் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டு போனார்கள். சிதம்பரத்தில் இது வருஷா வருஷம் நடப்பதுதான். நான் எழுந்து ஒவ்வொரு சன்னலாகச் சாத்தினேன். மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "தெருவச் சுத்தம் பண்றாங்க அத்த, ஒண்ணுமில்ல" என்றாள். ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் கடைசிச் சன்னலையும் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்தேன். எழுபது வயதில் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மூக்கு மட்டும் கெட்டுப்போகாமல் அப்படியே இருக்கிறது. கெட்டுப்போயிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

கடலூருக்குத் தெற்கே, கம்பெனிகள் வரிசையாக நிற்கிற பக்கத்தில் ஒரு பால்வாடியில் ஆயாவாக இருந்தேன். ஊர்ப் பேர் வேண்டாம். போர்டில் அங்கன்வாடி என்று எழுதியிருக்கும், யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆயா என்றால் பெருக்குவதும் சோறு வடிப்பதும் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் தலை வாராமல் ஓடிவரும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் என் கைதான் சீப்பு. எனக்குப் படிப்பு கம்மி. பஸ் போர்டை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். காட்டுமன்னார்கோயில் என்று நான் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனால் சம்பளம் வாங்க ஒரு நாளும் கைநாட்டு வைத்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்த ஊரில் காலையில் எழுந்ததும் எல்லாரும் முதலில் செய்வது மூச்சை இழுத்துப் பார்ப்பது. சில நாள் அழுகின முட்டை, சில நாள் நகப்பூச்சு, சில நாள் பழுத்து வெடித்த பலாப்பழம். பலாப்பழ வாசனை வந்தால்தான் எனக்குப் பயம் ஜாஸ்தி. நல்ல வாசனைக்குப் பிள்ளைகள் மூக்கை மூடாது. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அதற்குக் குறுக்கே போக வேண்டும், ஈரத்துணியை மூக்கில் கட்ட வேண்டும் என்று ஒரு தடவை வந்து சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து துணி காயப்போட்டால்கூட அது எந்தப் பக்கம் பறக்கிறது என்றுதான் பார்ப்பேன். காய்ந்ததா என்று பார்க்க மறந்துவிடுவேன்.

ஸ்டெல்லா டீச்சர் கடலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். சின்ன வயசு, பொறுமை அதிகம். சுதந்திர தினம் நெருங்கினால் சுவரில் தொங்கும் பழைய இந்தியப் படத்தைப் பார்த்துத் தரையில் சாக்பீஸால் பெரிதாக வரைவார். அதன் மேல் கோலப்பொடியால் கோடு இழுப்பது நான். குஜராத்தின் திறந்த வாயை ஒரே இழுப்பில் போட்டுவிடுவேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாநிலம். அதில் போய் நிற்க வேண்டும். டீச்சர் வாசலில் நின்று பேர் கூப்பிட்டால்தான் வெளியே வந்து கொடிக்கம்பத்துக்கு சல்யூட் அடிக்க வேண்டும். கூப்பிடாமல் கோட்டைத் தாண்டினால் ஆட்டத்தில் இல்லை.

நாலு நாளில் பிள்ளைகளின் சொந்தப் பேரே போய்விடும். "ஆயா, பீகார் என்னக் கிள்ளுறான்" என்று ஒன்று வரும். ஒடிசாவுக்கு மூக்கு ஒழுகும். தேசியப் பறவை மயில், விலங்கு புலி என்று டீச்சர் சொல்லிக்கொண்டு வரும்போது ராஜஸ்தானில் நின்ற மீன்காரர் வீட்டுப் பெண், தேசிய மீன் எது என்று கேட்டாள். டீச்சர் கொஞ்சம் யோசித்து டால்பின் என்றார். "அது மீனே இல்ல டீச்சர், வலையில வுழுந்தா எங்கப்பா வுட்டுருவாரு" என்றாள் அவள். டீச்சர் அன்றைக்குப் பாடத்தை அதோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரு வருஷம் நடுவில் வந்து சேர்ந்த குழந்தை வாணி. காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் குடும்பம்; அப்பாவுக்குக் கம்பெனியில் காண்டிராக்ட் வேலை. பேச்சே கிடையாது, சொன்னதைச் செய்யும். அவளுக்கு மாநிலம் மிச்சமில்லை. வடகிழக்கில் இருந்த சின்னச் சின்னக் கட்டங்களில் கால் வைக்க இடம் போதாது. டீச்சர் ஆந்திராவுக்கு நடுவே ஒரு கோடு கிழித்தார். "புதுசா வந்த புள்ளைக்குப் புதுசா வந்த மாநிலம். நீ தெலங்கானா" என்றார். சுவர்ப் படத்தில் அது இல்லை. படம் அத்தனை பழசு.

ஒத்திகை நடந்த ஒரு காலையில், மழை விட்டிருந்த நேரம், கண் எரிய ஆரம்பித்தது. அன்று வந்தது பலாப்பழமில்லை, முட்டையுமில்லை. மிளகாயைச் சட்டியில் கருக்கியது போல ஒன்று. கம்பெனிப் பக்கமிருந்து காற்று நேராக எங்கள் மேல் அடித்தது. நான் முற்றத்துக் குழாயில் துணிகளை நனைத்தேன். வாசல் குறுகல். பிள்ளைகள் முட்டிமோதி விழுந்துவிடுமே என்று டீச்சர் பதறாமல் ஒத்திகை மாதிரியே காஷ்மீரிலிருந்து ஒவ்வொரு மாநிலமாகக் கூப்பிட்டார். வரிசையாக வந்தார்கள். நான் மூக்கில் துணி கட்டி விட்டேன். இப்போது நினைத்தாலும் அது கெட்டிக்கார வேலைதான்.

வடக்கே மாரியம்மன் கோயில் திடலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே காற்று சுத்தமாக இருந்தது. தாய்மார்கள் ஓடிவந்து அவரவர் பிள்ளையைத் தூக்கினார்கள். நான் பழக்கத்தில் தலைகளைத் தடவிக்கொண்டே வந்தேன். காலையில் சிவப்பு ரிப்பன் வைத்து இரட்டைப் பின்னல் போட்ட தலை ஒன்று என் கைக்கு வரவில்லை.

"வாணி எங்க டீச்சர்?"

டீச்சரின் உதடு மறுபடி காஷ்மீரிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்து ஆந்திராவில் நின்றது. சுவர்ப் படத்தின் வரிசையில்தான் கூப்பிட்டிருந்தார். "ஆயாம்மா, நான் தெலங்கானாவக் கூப்புடல."

டீச்சர் ஓடப் பார்த்தார். மற்றப் பிள்ளைகளை விட்டு வராதே என்று அதட்டிவிட்டு நான் திரும்பினேன். முந்தானையை நனைத்து முகத்தில் சுற்றியிருந்தேன். தெருவில் ஒரு ஆள் இல்லை. ஒரு கோழி மட்டும் பக்கவாட்டில் விழுந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் நான் நின்றுவிட்டேன். போக வேண்டாம் என்றும் ஒரு மனசு சொன்னது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாணி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பாதமும் கோட்டுக்குள், கை தொடையோடு ஒட்டி, கண்ணை இறுக மூடி. மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர். பயத்தில் நனைந்துபோன கவுனிலிருந்து வழிந்ததில் காலடியில் கோலப்பொடி கரைந்திருந்தது. கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. மூன்றரை வயதுக் குழந்தைக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ.

"என்னய இன்னும் கூப்புடல ஆயா" என்றாள், இருமிக்கொண்டே. "பேரு சொல்லு."

நான் ஒரு நாளும் தெலங்கானா என்று அவளைக் கூப்பிட்டதில்லை. அந்த நிமிஷத்தில் அது என் வாயில் வரவுமில்லை. இடுப்பில் வாரிப் போட்டுக்கொண்டு ஓடினேன். கோட்டைத் தாண்டியபோது அவள் அழுதது, கண் எரிந்து அழுத அழுகை இல்லை.

திடலில் வாந்தி எடுத்தாள். மூச்சு விசில் மாதிரி கேட்டது. ஆம்புலன்ஸில் நானும் டீச்சரும் ஏறினோம். டீச்சர் அவளை மடியில் வைத்துக்கொண்டு காதோரம், "தெலங்கானா, வா, வெளிய வா" என்று கடலூர் ஆஸ்பத்திரி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். குழந்தை அதைக் கேட்டதா, எனக்குத் தெரியாது. இரண்டு நாள் மூக்கில் குழாயோடு கிடந்தாள். மூன்றாம் நாள் பன் கேட்டாள். அவள் அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த வாரமே குடும்பம் சொந்த ஊருக்குப் போய்விட்டது. எந்தக் கம்பெனி என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

டீச்சர் பிறகு தரையில் படம் வரையவே இல்லை. மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். நானும் வயதாகி ஓய்வுபெற்று மகன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போன மாசம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனவள் பால்வாடிக்குள் எட்டிப் பார்த்தேன். சுவர் முழுக்கப் புதுப்படம், எல்லா மாநிலமும் தனித்தனி நிறத்தில். தரையில் டைல்ஸ், கோடு ஒன்றுமில்லை. நான் இங்கே பழைய ஆயா என்றதும் அங்கே இருந்த டீச்சர் சலித்துக்கொண்டார். "ஒண்ணுகூட சொன்ன எடத்துல நிக்க மாட்டேங்குது ஆயாம்மா. வாசல் பக்கம் எதுனா சத்தம் கேட்டாப் போதும், எல்லாம் ஓடிடுது. நீங்கள்லாம் எப்பிடி நிக்க வெச்சீங்க?"

பிள்ளைகள் என் காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன.

"நிக்க வெக்காதம்மா" என்றேன்.