மாப்பிள்ளை சூடு பார்க்கிறார்

வண்டியில் ஏறியதும் அவர் கியரைத் தொடமாட்டார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். பின்னால் நிற்கிற லாரிக்காரன் ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டிருப்பான். இவரோ இரண்டு உள்ளங்கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். எதிரே லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நான், ஆள் பெரிய பக்திமான் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டும் விட்டேன்.

“தினமும் அப்படி என்ன வேண்டுதல்?”

“வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணே. சூடு பாக்குறேன்.”

“என்ஜின் சூடா?”

“கை சூடு,” என்றார். சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடியை இன்னொரு தரம் துடைத்தார்.

லாரி நிறுத்தத்தில் அவருக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர். இராத்திரி வண்டி எடுக்க வருகிற மற்றவர்கள் கசங்கிய சட்டையும் தூக்கக் கலக்கமுமாக வருவார்கள். இவர் மட்டும் சவரம் செய்து, பவுடர் பூசி, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து நிற்பார். பார்க்கப் போவது வேறு யாரையும் அல்ல, கட்டிய மனைவியைத்தான். அதுவும் வண்டியைக் கைமாற்றிக்கொள்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு.

அந்த அம்மாவும் டிரைவர். ஒரே லாரியைப் பகலில் அவர் ஓட்டுகிறார், இரவில் இவர். துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் நடுவே வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. வீட்டில் சின்னப் பெண் இருக்கிறாள், யாராவது ஒருவர் அவளோடு இருந்தாக வேண்டும் என்பது இவர்கள் நிலைமை. இரண்டும் சேர்ந்து ஒரு குடும்பத்தைப் பாதியாக அரிந்து வைத்துவிட்டன. மாலையில் என் கடைக்கு எதிரே அந்த அம்மா ஒரு பக்கம் இறங்குவார், இவர் மறுபக்கம் ஏறுவார்.

“பிரேக் கொஞ்சம் இழுக்குதுங்க.”

“பாப்பா பால் குடிச்சிட்டா. பக்கத்து வீட்டுல இருக்கா.”

அவ்வளவுதான் தாம்பத்தியம். அந்த அம்மா திரும்பிப் பார்க்காமல் நடப்பார். ஸ்டியரிங்கில் அவர் விட்டுப்போன கைச்சூட்டை இவர் தேடிக்கொண்டிருப்பார். கறாரான ஆள். “அவளுக்கு வேலைன்னா வேலைதாண்ணே. நான்தான் அலையுறேன்,” என்பார் மாப்பிள்ளை. மனைவிக்கும் தன்மேல் இந்த ஏக்கம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள முடியாததுதான் இவரை அரித்துக்கொண்டிருந்தது.

அந்த அம்மா உயரம் குறைவு. சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு ஓட்டுவார். இவர் ஏறும்போதெல்லாம் முழங்கால் ‘டொக்’கென்று இடிக்கும். இறங்கும்போது பின்னால் தள்ளிவைக்கச் சொல்லலாமே என்றேன். பதறிவிட்டார்.

“ஐயோ, சொல்லிடாதீங்கண்ணே. இடிச்சாத்தான் இவ்வளவு நேரம் அவ இருந்தான்னு தெரியுது.”

இப்படிப்பட்ட மனிதர் ஒரு ஸ்டியரிங் கவர் வாங்க வந்தால் கடைக்காரன் பாடு என்ன ஆகும்? பழைய ரெக்சின் கவர் வெடித்து, பிடித்தால் கையோடு சுற்றியது. முதலாளியே ஒருநாள் வண்டியைத் திருப்பப் போய், கவர் வழுக்கி, மதில் சுவரில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். அந்தப் பயத்தில்தான், “நல்லதா ஒண்ணு மாட்டித் தொலை” என்று உத்தரவு பிறந்தது.

மாப்பிள்ளை தினம் தினம் வந்தார். ஒவ்வொரு கவராக எடுத்து அமுக்கினார், முகர்ந்தார், கன்னத்தில் வைத்துக்கூடப் பார்த்தார். ரப்பர் கவரா? “பிடிப்பு நல்லாருக்கு. ஆனா அவளுக்குக் கை வேர்க்கும்.” உள்ளே பஞ்சு வைத்ததா? “மெத்துனு இருக்கு. சூடு தங்காதே.” எனக்குப் பொறுமை போய்விட்டது.

“பொண்ணு பாக்கப் போனப்பவாவது இவ்வளவு யோசிச்சீரா?”

“அப்ப யோசிக்கவே இல்லண்ணே. பாத்தேன், சரின்னுட்டேன்.”

கடைசியில், விற்காமல் தூசி படிந்து தொங்கிய ஒரு தோல் கவரைக் கழற்றினார். பளபளப்பு ஒன்றும் கிடையாது. பழுப்பு நிறம், மெல்லிய தோல், ஓரமெல்லாம் ஓட்டைகள், கூடவே இரண்டு ஊசிகளும் மெழுகு நூலும்.

“தோலுன்னா புழங்கப் புழங்கக் கை அச்சு விழும்ல?”

“விழும்.”

“ரெண்டு பேரோடதும் விழுமா?”

கடைக்காரப் புத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சொன்னேன்: “இது மாட்டுற கவர் இல்ல, சக்கரத்தைச் சுத்தித் தைக்கணும். நம்ம கடை ஆளுகிட்ட விட்டா டீ குடிக்கிறதுக்குள்ள முடிச்சிடுவான்.”

“நாங்களே தைச்சா?”

“ஒருத்தர் இழுத்துப் பிடிக்கணும், ஒருத்தர் தைக்கணும். பழகாத கைன்னா நேரம் இழுத்துக்கும்.”

“ரொம்ப இழுக்குமா?” என்று கேட்டவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நேரமாகும் என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

மறுநாள் தோலை வெயிலில் போட்டு இளக்கி வைத்தார். மாலையில் வண்டி வந்தது. முதல் தடவையாக என்ஜின் அணைந்தது. அந்த அம்மா இறங்கவில்லை, பக்கத்து சீட்டுக்கு நகர்ந்துகொண்டார். கீழே முடிச்சுப் போட்டு ஒரே ஆள் ஒரே திசையில் தைத்துக்கொண்டு போக வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அந்த முடிச்சு போனால் மொத்தத் தையலும் போச்சு என்றும் சொல்லியிருந்தேன். இவர்களோ ஆளுக்கொரு ஊசியை எடுத்துக்கொண்டு, இவர் வலப் பக்கமாகவும் அவர் இடப் பக்கமாகவும் மேல்நோக்கித் தைக்க ஆரம்பித்தார்கள். வீட்டையே ஆளுக்குப் பாதியாக நடத்துகிறவர்களுக்கு வேறு எப்படித் தைக்கத் தோன்றும்? இப்படித் தைத்தால் உச்சியில் ஓட்டைகள் பொருந்தாது. சொல்லலாம் என்று வாசல்வரை போனேன். திறந்திருந்த கதவு வழியே பேச்சுக் கேட்டது.

“பாப்பாவுக்கு முன்பல்லு ஆடுது, தெரியுமா?”

“எனக்குக் காட்டினா. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா.”

“அடிப்பாவி! உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்டயும் வாங்கினாளே!”

இருவரும் சிரித்த சிரிப்பில் ஸ்டியரிங் ஆடியது. நான் வாயை மூடிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். பொறாமையாக இருந்தது. என் மனைவி கடைக்கு மேலே, மாடியில்தான் இருக்கிறாள். மதியச் சாப்பாட்டைக்கூட நான் கீழேயே அனுப்பச் சொல்லிவிடுகிறேன்.

“என்னங்க, காதுகிட்ட நரைச்சிருக்கு?”

“அது நரைச்சு எவ்வளவு நாளாச்சு.”

“நான் பாக்கலையே,” என்றார் அந்த அம்மா. பிறகு குனிந்து அடுத்த ஓட்டையில் ஊசியை விட்டார்.

நான் பயந்தபடியே ஆயிற்று. இரண்டு தையலும் உச்சியில் வந்து சேர்ந்தபோது ஒரு ஓட்டை மிச்சம் நின்றது. டேஷ்போர்டில் செல்போன் அடித்தது. முதலாளி. மாப்பிள்ளை செல்போனைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார்.

“பரவால்ல, வெளிய தெரியாது. கிளம்பட்டுமா?” என்றார். குரலில் சுரத்தே இல்லை.

நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடினேன். “கடைசி நாலு தையலை மட்டும் பிரிச்சு இழுத்துவிடுங்க, சரியாயிடும். ஒரு நிமிஷ வேலை.”

அந்த அம்மா தலையாட்டிக் கத்தரிக்கோலை வாங்கினார். அடித்துக்கொண்டிருந்த செல்போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். பிறகு, உச்சியில் இருந்த அந்த நாலு தையலை விட்டுவிட்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்து, முதன்முதலாகப் போட்ட முடிச்சைத் தேடிப் பிடித்து வெட்டினார்.