மோன்ஜியின் முழங்கால் படங்கள்

ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துக் காபிக்கடையில் ஒரு வதந்தி. வலை பின்னி ஓய்ந்த மோன்ஜி, எக்ஸ்ரே எடுத்தாலே முழங்கால் வலி போய்விடும் என்று நம்பி, டாக்டர் மாற்றி டாக்டரிடம் சீட்டு வாங்கி மாதாமாதம் படம் எடுக்கிறாராம். சரிபார்க்க நானும் அவருடன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கும் அன்று வேறு வேலை இல்லை.

படம் எடுக்கும் சல்வா சீட்டை வாங்கவே இல்லை.

"சித்தப்பா, போன மாசந்தான எடுத்தோம்? எலும்பு தேஞ்சது தெரிஞ்சுபோச்சு. ஒரு படத்துல கதிர்வீச்சு கொஞ்சந்தான். அதுக்காக சும்மா சும்மா எடுக்கலாமா? உள்ள சவ்வைப் பாக்கணும்னா எம்.ஆர்.ஐ. எடுங்க, அதுல கதிர்வீச்சே கிடையாது."

"அந்தக் குழாய்க்குள்ள தனியாப் படுக்கணுமாமே?"

"ஆமா. துணைக்கு மெஷின் சத்தம் மட்டும் வரும்."

"தனியாப் படுக்கறதுக்கு எனக்கு வீடே போதும். நீ முழங்காலைப் பிடிச்சு, 'வலிக்குதா'ன்னு கேக்கற, மகளே. வேற யாரு கேக்கறா?"

வதந்தி பொய். படம் மருந்தில்லை என்று மோன்ஜிக்கு நன்றாகவே தெரியும்.

"படம் வேண்டாம். கூட்டம் குறையட்டும், உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தரேன்," என்றாள் சல்வா.

கூட்டம் குறையவில்லை. மோன்ஜி தினமும் வந்து எக்ஸ்ரே அறை வாசல் பெஞ்சில் உட்காருகிறார். காபி இன்னும் பாக்கி.