லேமினேஷன் அக்காவின் கடவுச்சொல்

காலையில் அவள் செய்கிற முதல் வேலை கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டுவது. முந்தின நாள் மத்தியானம் அவள் வீட்டுக்காரர் கொறித்த பிஸ்கட் தூள் மேஜையில் கொட்டும். அதைத் துடைத்துவிட்டுத்தான் ஷட்டரை முழுசாகத் தூக்குவாள்.

வீட்டின் முன்னறைதான் கடை. நகல் எடுப்பாள், அச்சடிப்பாள், சான்றிதழ்களுக்குப் பிளாஸ்டிக் உறை போடுவாள். தெருவுக்கே அவள் லேமினேஷன் அக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான். கூட்டம் நெரிந்தால், பென் டிரைவை நீங்களே போட்டு எடுத்துக்கோங்க என்று நாற்காலியை விட்டுக்கொடுப்பாள்.

இங்கே மனு அச்சடித்த ஒரு பெண், அதே பென் டிரைவை ஓர் அலுவலகக் கணினியில் செருகப்போய், அங்கிருந்த கோப்புகள் எல்லாம் காணாமல் போயின. அக்கா கடைக்குப் போனால் வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும் என்று பேச்சு கிளம்பியது. பள்ளிக்கூடம் கேள்வித்தாள் வேலையை வேறு கடைக்கு மாற்றிவிட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் கடையை மூட வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

கணினி பழுது பார்க்கும் தம்பி வந்தான். வருகிறவர்கள் யாரோ கொண்டுவந்தது என்றாள். டீ கொண்டுவந்த வீட்டுக்காரர் தானாகவே சொன்னார்: "மத்தியானம் படம் இறக்கும்போது அப்பப்போ ஏதோ பெட்டி வந்து கேக்கும். நான் சரின்னு அமுக்கிடுவேன்."

வீட்டில் அவள் சொல்வதற்கெல்லாம் அவர் சொல்கிற அதே சரி. காதில் வாங்காத சரி.

"திருடன் வந்து கேட்டாலும் சாவியைக் கையில குடுத்திருப்பீங்க மாமா" என்றான் தம்பி.

பழைய இயங்குதளத்தை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டான். பிரிண்டர் ஒரு பகல் முழுக்க முரண்டு பிடித்து, பிறகு வழிக்கு வந்தது. இனி எதை நிறுவினாலும் கடவுச்சொல் கேட்கும். அது அவளிடம் மட்டும். மற்றவர்களுக்கு ஒரு பொதுக் கணக்கு. அதில் திறக்கலாம், அச்சடிக்கலாம், வேறெதுவும் முடியாது. இதற்கும் ஆபத்தே வராது என்றில்லை, கதவு கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவளுக்குக் கை பழகிவிட்டது. பள்ளிக்கூடமும் ஒரு சின்ன வேலை அனுப்பிப் பார்த்தது.

ஒரு மத்தியானம் அவள் தூங்கி எழுந்து வந்தபோது, வீட்டுக்காரர் கணினி முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். திரையில் கடவுச்சொல் பெட்டி.

"அது என்னன்னு சொல்லு."

"எதுக்கு?"

"சீட்டு விளையாட்டு ஒண்ணு போடணும்."

"எதுன்னு காட்டுங்க, நான் போட்டுத் தரேன்."

அவர் திரும்பவில்லை. "இந்தக் கடைக்குப் போர்டு மாட்டினதே நான். வர்றவன் போறவனுக்கு என்னவோ, எனக்கும் அதேதானா?"

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். நாக்கு நுனி வரை வந்த கடவுச்சொல்லை விழுங்கிக்கொண்டு, கொடியிலிருந்து எடுத்துவந்து பக்கத்து நாற்காலியில் போட்டிருந்த துணிகளை வாரியெடுத்து, உள்ளே போனாள்.